பீரங்கிப் படையில் ஒரு வானியல்காரர்

1920-இல் பெர்லினில் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை வந்தது. வீசும் காற்றும் அதன் அடர்த்தியும் பீரங்கிக் குண்டின் பாதையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் பொருள். அதை எழுதியவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கட்டுரை 1915-லேயே கழகத்தின் கைக்கு வந்துவிட்டாலும், ராணுவ ரகசியம் என்பதால் போர் முடியும்வரை அச்சேறவில்லை. எழுதியவர் லெப்டினன்ட் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட். ஜெர்மன் பீரங்கிப் படைக்காரர்.

கருந்துளை பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஷ்வார்ட்ஷில்ட் ஆரம் என்று அவர் பெயரில் ஓர் அளவு இருக்கிறது. யூடியூபில் எந்தக் கருந்துளை வீடியோவைப் போட்டாலும் அவர் ஒரே வரியில் வந்து போவார்: பதுங்குகுழியில் உட்கார்ந்து ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்கு விடை கண்டார், கொஞ்ச நாளில் இறந்தார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். இந்த ஒரு வரிக் கதையை நானும் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆனால் அந்த "இறந்தார்" எனக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. அவரைக் கொண்டுபோன நோயை எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1873 அக்டோபர் 9-இல் பிராங்க்ஃபர்ட்டில், வசதியான யூத வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயதிலேயே கைச்செலவுக்குக் கொடுத்த காசைச் சேர்த்து லென்ஸ் வாங்கி, தானே ஒரு தொலைநோக்கி செய்துகொண்டவர். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களின் பாதைகளைக் கணக்கிட்டு இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டபோது அவருக்கு 16 வயது. என் மாணவர்களின் வயது. 1901-இல் கோட்டிங்கன் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். ஒரு காலத்தில் கணித மேதை காஸ் உட்கார்ந்த நாற்காலி அது. 1909-இல் எல்சே ரோசன்பாக்கைத் திருமணம் செய்தார். அதே வருடம் போட்ஸ்டாம் வான்இயற்பியல் ஆய்வகத்தின் தலைவர் ஆனார். ஜெர்மனியில் ஒரு வானியலாளருக்கு அதற்குமேல் ஒரு பதவி இல்லை.

அவர் வெறும் கணக்குக்காரர் இல்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். புகைப்படத் தகட்டில் விழும் புள்ளியின் கருமையை வைத்து நட்சத்திரத்தின் ஒளியை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். 1905-இல் சூரிய கிரகணத்தைப் படம்பிடிக்க அல்ஜீரியா வரை போனார். 1910-இல் ஹேலி வால்நட்சத்திரத்தின் வாலை ஆராய்ந்தார். நாம் வாழும் இந்த விண்வெளி வளைந்திருக்குமோ, வளைந்திருந்தால் நட்சத்திர அளவீடுகள் எவ்வளவு வளைவை அனுமதிக்கும் என்று 1900-லேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஈர்ப்பை வெளியின் வளைவாகவே விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வர இன்னும் 15 வருடம் இருந்தது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. அப்போது அவருக்கு வயது 40. மூன்று சின்னப் பிள்ளைகள், பெரிய அரசுப் பதவி. யாரும் அவரைப் படைக்குக் கூப்பிடவில்லை. தானே போய்ச் சேர்ந்தார்.

ஏன் போனார்? அந்த மாதங்களில் ஜெர்மனி முழுக்க ஓடிய தேசபக்தி வெறியில் பேராசிரியர்களும் தப்பவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. ஜெர்மானிய யூதர்கள் தங்கள் விசுவாசத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக நிரூபிக்கவேண்டியிருந்தது. நாட்டுக்காக ரத்தம் சிந்தினால் இனி யாரும் நம்மை அந்நியர் என்று சொல்லமாட்டார்கள் என்று நம்பிப் போனவர்கள் ஏராளம். அந்தப் போரில் ஜெர்மனிக்காகச் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் படையில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் திரும்பவில்லை. ஷ்வார்ட்ஷில்டும் அந்த நம்பிக்கையோடுதான் சீருடை போட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் பெல்ஜியத்தில் நாமூர் நகரில் ஒரு வானிலை நிலையம். பிறகு பிரான்ஸில் பீரங்கிப் படையில் கணக்கு வேலை. பிறகு ரஷ்யாவை எதிர்த்த கிழக்குப் போர்முனை. பீரங்கிப் படையில் வானிலைக்காரருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழைய காலப் பீரங்கி வீரன் தன் இலக்கைக் கண்ணால் பார்த்துச் சுட்டான். முதல் உலகப்போரில் அது மாறிவிட்டது. பீரங்கி மலைக்குப் பின்னாலோ காட்டுக்குள்ளோ மறைந்திருக்கும்; இலக்கு பல கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாது. முன்னால் ஒளிந்திருக்கும் ஒருவர் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து டெலிபோனில் சொல்வார், அதை வைத்துத் திருத்திச் சுடுவார்கள். அப்படித் திருத்திக்கொண்டிருந்தால் எதிரி உஷாராகிவிடுவான். முதல் குண்டே சரியாக விழவேண்டும் என்றால் கணக்கு வேண்டும்.

பிளஸ் டூ புத்தகத்தில் எறிபொருளின் பாதை பரவளையம் என்று சொல்லித்தருகிறோம். காற்று இல்லாத உலகத்தில்தான் அது உண்மை. நிஜமான குண்டு கிலோமீட்டர் கணக்கில் மேலே ஏறி இறங்குகிறது. ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். தரையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மேலே வடக்கிலிருந்து வீசலாம். குளிர்ந்த காலையில் காற்று கனமாக இருக்கும், குண்டு முன்னதாகவே விழுந்துவிடும். வெடிமருந்து சூடாக இருந்தால் வேகமாக எரிந்து குண்டைக் கூடுதல் தூரம் தள்ளும். ஆகவே படையினர் சின்ன பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் திசையைத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி வழியே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் உயரத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது அதிலிருந்து கிடைக்கும். அந்த எண்களைப் பீரங்கியின் கோணத்துக்கு எப்படி மாற்றுவது? அதைச் சொல்வதுதான் ஷ்வார்ட்ஷில்டின் கட்டுரை. கோள்களின் பாதையில் வரும் சின்னச் சின்னச் சலனங்களைக் கணக்கிட்டுப் பழகிய கைக்கு இந்த வேலை புதிதே இல்லை. விண்கல்லும் குண்டும் ஒரே சமன்பாட்டின் கீழ்தான் பறக்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் பீரங்கிக் கணக்கை ஏதோ அலுவலக வேலை மாதிரி தாண்டிப்போய்விடுகிறார்கள். அந்தப் போரில் செத்தவர்களிலும் முடமானவர்களிலும் பெரும்பகுதி பீரங்கியால் விழுந்தவர்கள். காற்றுக்கான திருத்தம் சரியாக இருந்தால் எதிர்ப்பக்கக் குழியில் இருந்தவன் செத்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஷ்வார்ட்ஷில்டை நான் நேசிக்கிறேன், ஆனாலும் இதை மறைத்துவிட்டு நேசிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, 1915 நவம்பருக்கு வருவோம். பெர்லினில் ஐன்ஸ்டைன் வாரத்துக்கு ஒரு கட்டுரையாகக் கழகத்தின்முன் வைத்துக்கொண்டிருந்தார். நவம்பர் 18-இல் புதன் கோளின் புதிர் அவிழ்ந்தது. புதனின் பாதை ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. நியூட்டன் கணக்கில் அடங்காத மிச்சம் நூறு வருடத்துக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). ஐன்ஸ்டைனின் புதிய கொள்கை அதை அப்படியே தந்தது. நவம்பர் 25-இல் சமன்பாடுகள் முழு வடிவம் பெற்றன. ஆனால் ஐன்ஸ்டைன் புதனுக்குக் கண்டது தோராயமான விடை. துல்லியமான விடை யாரிடமும் இல்லை.

நவம்பர் 18 கட்டுரை போர்முனையில் இருந்த ஷ்வார்ட்ஷில்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி அவர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே ஒரு பொருள், அதைச் சுற்றிலும் வெறும் வெளி; அந்த வெளியின் வடிவம் என்ன? அதற்குத் துல்லியமான விடை கடிதத்தில் இருந்தது. புதனின் 43 விகலையும் அதிலிருந்து ஒழுங்காக வந்தது. கடிதத்தின் முடிவில் அவர் எழுதியதன் சாரம் இது: குண்டுச் சத்தம் பலமாக இருந்தாலும் போர் என்னிடம் கொஞ்சம் கருணையோடுதான் நடந்துகொள்கிறது, உங்கள் சிந்தனை என்ற நாட்டில் இப்படி ஒரு நடை போய்வர எனக்கு நேரம் கொடுத்திருக்கிறது.

ஐன்ஸ்டைன் அசந்துபோனார். இந்தக் கணக்குக்கு இவ்வளவு எளிமையாகத் துல்லியமான விடை தரமுடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று பதில் எழுதினார். 1916 ஜனவரி 13-இல் ஷ்வார்ட்ஷில்டின் சார்பில் அவரே அதைக் கழகத்தில் வாசித்தளித்தார். அடுத்த மாதமே இரண்டாவது கட்டுரை வந்தது. உள்ளே ஒரே சீரான அடர்த்தியுள்ள கோளத்துக்குள் ஈர்ப்பு எப்படி இருக்கும் என்பது அதில். அது பிப்ரவரி 24-இல் கழகத்துக்குப் போனது.

இந்த விடைகளில் ஒரு விசித்திரமான தூரம் ஒளிந்திருக்கிறது. சூரியன் முழுவதையும் சுமார் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கினால், பூமியைச் சுமார் 9 மில்லிமீட்டருக்குள் அடக்கினால், அங்கிருந்து ஒளிகூடத் தப்பாது. அதைத்தான் இன்று ஷ்வார்ட்ஷில்ட் ஆரம் என்கிறோம். அவர் கருந்துளையைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது சரியில்லை. இரண்டாம் கட்டுரையில் அவர் கண்டது நேர்மாறு: அந்த மாதிரிக் கோளம் சுருங்கிக்கொண்டே போனால், ஷ்வார்ட்ஷில்ட் ஆரத்தைத் தொடும் முன்பே நடுவில் அழுத்தம் முடிவிலியாகிவிடும். கருந்துளை என்ற பெயர் பரவியதே 1967-க்குப் பிறகுதான்.

இந்த வேலையெல்லாம் நடந்த குளிர்காலத்தில் அவர் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது. நோயின் பெயர் பெம்பிகஸ். போர்முனை வியாதி, பதுங்குகுழியில் ஒட்டிக்கொண்ட தொற்று என்றெல்லாம் சில இடங்களில் எழுதுகிறார்கள். பெம்பிகஸ் யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் தோலைப் பகையாக நினைத்துத் தாக்குவதால் வருவது. தோலின் மேலடுக்கில் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களை அது அழிக்கிறது. பிடிப்பு விட்டதும் தோல் கழன்று கொப்புளமாகிறது. கொப்புளம் உடைந்தால் உள்ளே பச்சைப் புண். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். இந்தியாவிலும் அபூர்வம் இல்லை.

என் அப்பாவுக்கு இது வந்தபோது வாயில்தான் தொடங்கியது. வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்துப் பார்த்தோம். இட்லியை மோரில் கரைத்து வடிகட்டிக் கொடுத்தால்கூடக் கண்ணில் தண்ணீர் வழியும். அப்புறம் முதுகில், தொடையில் கொப்புளங்கள். கை வைத்துத் தூக்கிவிட்டால் கை பட்ட இடத்தில் தோல் நகர்ந்துவரும். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டு உரித்தெடுக்கவேண்டியதாகிவிட்டது. வார்டில் இருந்த வயதான நர்ஸ் ஒருவர்தான், "வாழையிலை வாங்கிட்டு வாம்மா, தலைவாழையா பெருசாப் பாத்து வாங்கு" என்றார். நடு நரம்பைச் சீவிவிட்டு, துடைத்து, எண்ணெய் தடவி விரித்தோம். அன்று இரவு அப்பா தூங்கினார். நம் ஊர் தோல் வார்டுகளிலும் தீக்காய வார்டுகளிலும் இது பழக்கமான வைத்தியம்தான். வாழையிலையில் புண் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும்.

அப்பாவைக் காப்பாற்றியது ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறியது, முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது. ஆனாலும் ஆள் பிழைத்தார். பேரன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பெம்பிகஸுக்கு ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்கியது 1950-களில். அதற்குமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. உரிந்த தோல் வழியே உடம்பின் நீர் கசிந்து போகும், கிருமி உள்ளே போகும். 1916-இல் ஆண்டிபயாட்டிக்கும் கிடையாது. காரணமே இன்னதென்று 1960-களில்தான் தெரிந்தது. ஷ்வார்ட்ஷில்டின் மருத்துவர்கள் களிம்பு தடவிக் கட்டுப் போடுவதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

அந்த உடம்போடு அவர் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மேதை என்பதால் வலி குறைவாக இருந்திருக்கும் என்று நாம் எப்படியோ எடுத்துக்கொள்கிறோம். அப்பா அந்த நாட்களில் செய்தித்தாளின் ஒரு பத்தியைக்கூட முழுதாகப் படிக்க முடியாமல் கீழே வைத்துவிடுவார். ஷ்வார்ட்ஷில்ட் 1916 மார்ச்சில் போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஈர்ப்பை விட்டு, அணுவுக்குள் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் இயற்பியல் பக்கம் திரும்பினார். மின்புலத்தில் வைத்த ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் பிரிவதை ஸ்டார்க் விளைவு என்பார்கள். அதைப் புதிய குவாண்டம் விதிகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டினார். அதே சமயத்தில் அதே கணக்கை மியூனிக்கில் பால் எப்ஸ்டைன் என்பவரும் முடித்திருந்தார். எப்ஸ்டைன் ரஷ்யக் குடிமகன், ஆகவே ஜெர்மனியில் எதிரி நாட்டுக்காரராகக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தார். ரஷ்யாவுக்கு எதிராகப் படையில் நின்ற நோயாளியும், ரஷ்யர் என்பதால் கண்காணிப்பில் இருந்த இளைஞரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் குவாண்டம் கட்டுரை அச்சில் வந்த தேதி 1916 மே 11. அன்றுதான் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் போட்ஸ்டாமில் இறந்தார். வயது 42. ரஷ்யப் போர்முனையில் இறந்தார் என்று எங்காவது படித்தால் நம்பவேண்டாம். ஊர் திரும்பிய பிறகுதான் இறந்தார். உடல் கோட்டிங்கன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. ஜூன் 29-இல் கழகத்தில் அவருக்கு அஞ்சலி உரை ஆற்றியவர் ஐன்ஸ்டைன். பீரங்கிப் படையின் லெப்டினன்டுக்கு, போரையே வெறுத்த ஒருவரின் அஞ்சலி.

இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் இறந்து ஐந்தே மாதத்தில், 1916 அக்டோபரில் பிரஷ்யப் போர் அமைச்சகம் படையில் இருக்கும் யூதர்களைக் கணக்கெடுக்க உத்தரவு போட்டது. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற பழிப்பேச்சுதான் காரணம். எடுத்த கணக்கைப் போர் முடியும்வரை வெளியிடவும் இல்லை. பழி அப்படியே நின்றது. நாற்பது வயதில் தானாகப் போய்ப் படையில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பழியின் நடுவே வளர்ந்தார்கள்.

அவருடைய பிள்ளைகளும்தான். மகன் மார்ட்டினுக்கு அப்பா இறந்தபோது நான்கு வயது நிறையவில்லை. அவரும் வானியலாளர் ஆனார். நாஜிகள் வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, நார்வே வழியாக அமெரிக்கா போனார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சீருடை போட்டு இத்தாலியில் ஜெர்மனிக்கு எதிராகப் பணியாற்றினார். பிறகு பிரின்ஸ்டனில் பேராசிரியர். பலூனில் தொலைநோக்கியை மேலே ஏற்றி வானத்தைப் படம்பிடித்தவர். மகள் அகாதே நியூசிலாந்து வரை போய், ஒடாகோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார்.

1959-இல் ஜெர்மன் வானியல் சங்கம் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் பெயரில் ஒரு பதக்கம் தொடங்கி, முதல் பதக்கத்தை மார்ட்டினுக்கே கொடுத்தது. 1986-இல் அதே பதக்கம் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கப்பலேறி, நட்சத்திரம் ஒரு நிறைக்குமேல் போனால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று கணக்கிட்டவர். ஷ்வார்ட்ஷில்ட் இயற்கையில் நடக்காது என்று விட்டுவிட்ட இடத்தை நோக்கித்தான் அந்தக் கணக்கு போனது. பதக்கத்துக்கான உரையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பொதுச் சார்பியலின் அழகு. அந்த உரை அச்சில் கிடைக்கிறது. கணக்கு தெரியாதவர்களும் அதன் முதல் சில பக்கங்களைப் படிக்கலாம்.